வராதவரின் இடம் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளத்தூரில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். மணகோலம், தேன்குழல், சீப்புச்சீடை எல்லாம் டின்னில் அடைத்து காரைக்குடிக் கடைகளுக்குப் போகும். பஸ் நெரிசலில் சீடை பாதி நொறுங்கிப் போகிறதே என்றுதான் 46 வயதில் ஸ்கூட்டர் பழகினேன். ஊருணிக்கரைப் பொட்டலில் கோலப்பொடியால் 8 போட்டு, விடிவதற்குள் அதன்மேல் சுற்றிச் சுற்றி ஓட்டுவேன்.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் ஆனால் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். 31-ஆம் நாளே தேர்வுத் தேதி பதிகிற பரிவாகன் இணையதளத்தில் பார்த்தேன், ஒரு தேதிகூடக் காலி இல்லை. தினமும் ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டரை மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. எல்.எல்.ஆர். செல்லுபடியாவதோ மொத்தம் 6 மாதம்தான்.

சரி, கூட்டம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு தேர்வுக்குப் போனால், பெயர் கூப்பிடும்போது ஏழு பேர் வரவே இல்லை. அந்த ஏழு இடமும் வீணாகப் போனதைப் பார்த்து மனசு ஆறவில்லை. எனக்கு முன்னால் 8 போட்ட பெண் இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டார். தேறாதவர் 7 நாள் கழித்து மறுபடி வரலாம் என்று சட்டம் சொல்கிறது. அவருக்குக் கிடைத்த தேதி ஐந்து வாரம் தள்ளி. அதற்குள் அவருடைய எல்.எல்.ஆர். முடிந்துவிடும்.

பல்லவன் எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிறோம். யாராவது டிக்கெட்டை ரத்து செய்தால் நம் எண் தானாக முன்னேறுகிறது, போனுக்குச் செய்தியும் வருகிறது. ரயிலுக்கு இத்தனை வருடமாக நடப்பதை ஓட்டுநர் தேர்வுக்கும் போக்குவரத்துத் துறை கொண்டுவரலாமே? தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் 'வருகிறீர்களா?' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பட்டும். வராதவர் இடத்தைக் காத்திருப்பவருக்குக் கொடுக்கட்டும். எல்.எல்.ஆர். முடியப் போகிறவர்களுக்கு முதலிடம் தர வேண்டும். அப்புறம், நெருக்கடியான மாதங்களில் சனிக்கிழமையும் தேர்வு வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் மிஞ்சும்.

நாளைக் காலையில் ஓர் இடம் இருக்கிறது என்று இன்று சாயங்காலம் சொன்னால்கூடப் போதும். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
பலகாரத் தொழில் செய்யும் வாசகி,
பள்ளத்தூர்.