0055 என்ற எண்ணுள்ள கார்: மர்மக் கதை சொல்லும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் மர்மக் கதைகளைக் காணொளியாகச் சொல்லும் நண்பர்களுக்கும், அவற்றைக் கட்டுரையாக எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

1955இல் கார் விபத்தில் இறந்த அமெரிக்கத் திரைப்பட நடிகர் ஜேம்ஸ் டீனின் 'சபிக்கப்பட்ட கார்' கதையை நீங்கள் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் காரின் பாகத்தை வாங்கியவர் எல்லாரும் செத்தார்கள், அது நின்ற கொட்டகையே எரிந்தும் கார் மட்டும் தப்பியது, கடைசியில் முத்திரையிட்ட ரயில் பெட்டிக்குள்ளிருந்து மாயமானது என்பது கதை. நாங்கள் பழைய பந்தயக் கார்களின் பதிவுகளைப் பார்த்துப் பழகியவர்கள். இந்தக் காருக்கு எண்கள் உண்டு, கைமாறிய தடம் உண்டு, பல பாகங்களுக்கு இன்றைக்கும் விலாசம் உண்டு. கதையை அங்கிருந்து தொடங்கிச் சொல்லுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் வண்டி. போர்ஷே 550 ஸ்பைடர், மொத்தமே ஏறத்தாழ 90தான் செய்தார்கள். ஏணி மாதிரி எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம், அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகடு. முழு வண்டியின் எடை ஏறத்தாழ 550 கிலோ, உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கும். 1498 சிசி, காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர், வால்வுகளைத் திறந்து மூடும் நான்கு கேம்ஷாஃப்ட், 110 குதிரைத்திறன். எர்ன்ஸ்ட் ஃபூர்மான் வடிவமைத்த இந்த எஞ்சினைக் கோர்த்து முடிக்கத் தேர்ந்த மெக்கானிக்குக்கே 120 மணி நேரம் ஆகும் என்பார்கள். டீனின் வண்டியில் சேஸிஸ் (சட்டம்) எண் 550-0055, எஞ்சின் எண் 90059, கியர்பாக்ஸ் எண் 10046. இந்த மூன்று எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டீன் இந்த வண்டியை 1955 செப்டம்பர் 21 அன்று ஹாலிவுட்டில் வாங்கினார். தன்னிடமிருந்த போர்ஷே ஸ்பீட்ஸ்டரைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். 130 என்ற பந்தய எண்ணையும் 'லிட்டில் பாஸ்டர்ட்' என்ற செல்லப் பெயரையும் வண்டியில் எழுதியவர் கார்களுக்கு வண்ணம் தீட்டும் கலைஞர் டீன் ஜெஃப்ரீஸ். இதை, கார்களை அலங்கரித்து வடிவம் மாற்றிப் பெயர் வாங்கிய ஜார்ஜ் பாரிஸ் செய்ததாகப் பல இடங்களில் வருகிறது, அது தவறு.

செப்டம்பர் 30. மறுநாள் கலிஃபோர்னியாவின் சலினாஸில் பந்தயம். வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் புது எஞ்சின் இன்னும் ஓடிப் பழகவில்லை, டீனுக்கும் அந்த இருக்கை பழக வேண்டும். அதனால் சாலையிலேயே ஓட்டிப் போக முடிவானது. பக்கத்தில் போர்ஷேயின் மெக்கானிக் ரோல்ஃப் வூதெரிக், பின்னால் காலி டிரெய்லரோடு ஒரு ஃபோர்டு. பிற்பகல் 3:30 மணிக்கு, மணிக்கு 55 மைல் எல்லை உள்ள இடத்தில் 65 மைலில் போனதற்காக டீனுக்கு அபராதச் சீட்டு கிடைத்தது. மாலை ஏறத்தாழ 5:45க்கு, சொலேம் என்ற சிற்றூர் அருகே 466, 41 ஆகிய இரண்டு நெடுஞ்சாலைகள் சேரும் இடத்தில், எதிரே வந்த 23 வயது மாணவரின் 1950 மாடல் ஃபோர்டு இடப்பக்கம் திரும்பியது. இரண்டு வண்டிகளும் மோதின. டீன் இறந்தார்.

இதில் சாபத்துக்கு வேலையே இல்லை. அந்தி நேரம். சாம்பல் படர்ந்த நிலப்பரப்பில் வெள்ளி நிறத்தில் ஒரு தாழ்ந்த கார். எதிரே வருகிறவர் கண்ணுக்கு அது சாலையோடு சாலையாகத்தான் தெரியும். எதிர்த் தடத்தைக் குறுக்கே கடந்து திரும்பும் இடம் வேறு. டீன் மணிக்கு 85 மைலில் பறந்தார் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். நேரில் வந்து விசாரித்த நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ரான் நெல்சனோ, சிதைவையும் உடல் கிடந்த நிலையையும் பார்த்து, 55 மைல் அளவில்தான் இருந்திருக்கும் என்று கணித்தார். அதாவது 88 கிலோமீட்டர் வேகம். ஒன்றுக்கொன்று இவ்வளவு விலகிய இரண்டு கணிப்புகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் சொல்வது நியாயமில்லை. திரும்பிய அந்த மாணவர்மீது குற்ற நோக்கம் எதுவும் இல்லை என்று மரண விசாரணை முடிவு செய்தது. தயவுசெய்து அவரை வில்லனாக்காதீர்கள்.

இனிதான் மர்மம் என்று சொல்லப்படும் பகுதி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

இந்த உடைசலை வாங்கியவர் டாக்டர் வில்லியம் எஷ்ரிச், கலிஃபோர்னியாவில் வார இறுதிகளில் பந்தயம் ஓட்டிய மருத்துவர். விலை 1,092 டாலர். அவருக்கு வேண்டியது எஞ்சின். அதைக் கழற்றித் தன் லோட்டஸ் IX பந்தயக் காரில் பொருத்தினார். கியர்பாக்ஸையும் சில சஸ்பென்ஷன் பாகங்களையும் இன்னொரு மருத்துவரான டிராய் மெக்ஹென்றிக்குக் கடனாகக் கொடுத்தார். பந்தயக்காரர்களிடையே இது சாதாரண வழக்கம். நம்மூரில் காயலான் கடையில் ஒரு புல்லட் வந்தால் ஒருவர் எஞ்சினையும் ஒருவர் ஃபோர்க்கையும் எடுத்துப் போவதில்லையா, அதேதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் போனபின் எஞ்சிய வெறும் கூடுதான் ஜார்ஜ் பாரிஸிடம் போனது.

1956 அக்டோபரில் பொமோனா பந்தயத்தில் மெக்ஹென்றியின் கார் கட்டுப்பாடு இழந்து மரத்தில் மோதி அவர் இறந்தார். அதே நிகழ்வில் எஷ்ரிச்சின் காருக்கும் சிறு விபத்து. கதையின் முதுகெலும்பே இந்த இரண்டும்தான். இறந்தவர் ஒரு மருத்துவர், தெரிந்தே ஆபத்தான விளையாட்டில் இறங்கியவர். அவர் சாவைப் பேயின் கணக்கில் எழுதுவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. ஐம்பதுகளின் பந்தயத் தடங்களில் மரத்துக்கும் தடத்துக்கும் நடுவில் சில இடங்களில் வைக்கோல் கட்டுகூட இருக்காது. உருண்டு விழுந்தால் தலையைக் காக்கக் குழாய் வளைவு இல்லாத திறந்த கார்கள் அவை.

பார்வையாளர்களுக்குப் பயன்படும் ஒன்றை இந்த இடத்தில் சொல்லலாம். மோதிய வண்டியின் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்களை வேறு வண்டியில் போடுவது எந்தக் காலத்திலும் ஆபத்து. சக்கரத்தைத் தாங்கும் எஃகு ஆர்ம் ஒன்று அடி வாங்கினால் வளைவு கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம். பற்றவைத்த விளிம்பிலும் போல்ட் துளையைச் சுற்றியும் மயிரிழை விரிசல் விழும். ஓட ஓட அந்த விரிசல் நீளும், ஒருநாள் பாரம் விழும் சாலைத் திருப்பத்தில் பட்டென்று முறியும். சோதிக்கும் வழி எளிது. பாகத்தைச் சுத்தமாகத் தேய்த்து, ஊடுருவும் சிவப்புச் சாயத்தைத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, துடைத்து, வெள்ளை மாவைத் தெளித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பும். எஃகு என்றால் காந்தத் துகள் சோதனையும் செய்யலாம். வளைந்ததை நெருப்பில் காட்டி நிமிர்த்திப் போடுவதுதான் நம் பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு. சூடு பட்ட எஃகு தன் பதத்தை இழந்துவிடும். மெக்ஹென்றியின் விபத்துக்கு இதுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய பாகத்தைக் கண்டு அஞ்ச வேண்டுமென்றால் அஞ்ச வேண்டியது இந்த மயிரிழைக்கு.

அடுத்து, கூடு. அதை மீட்டு ஓடவைக்கப் பாரிஸ் நினைத்தார், சட்டத்தில் வலுவே மிஞ்சவில்லை என்பதால் விட்டுவிட்டார். நசுங்கிய இடப்பக்க முன் மட்கார்டின் மேலும் ஓட்டுநர் இருக்கைப் பகுதியின் மேலும் புது அலுமினியத் தகடுகளைப் பற்றவைத்து, மோதிய தோற்றம் வரும்படி மரச் சட்டத்தால் அடித்து நசுக்கினார். இதை மீண்டும் ஒருமுறை படியுங்கள். கண்காட்சிகளில் மக்கள் வரிசையில் நின்று பார்த்த சிதைவின் ஒரு பகுதி சொலேம் சாலையில் உண்டானதல்ல, பட்டறையில் உண்டானது. அந்தக் கூட்டைத்தான், விபத்துத் தடுப்புக்கான அமெரிக்க அமைப்பான தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் கிளை வழியாகக் கார் கண்காட்சி, திரையரங்கு, பௌலிங் கூடம், சாலைப் பாதுகாப்பு முகாம் என்று ஊர் ஊராகக் காட்டினார்கள். நீங்கள் காட்டும் படங்களில் எது 1955இல் விபத்து நடந்த இடத்தில் எடுத்தது, எது பின்னால் கண்காட்சியில் எடுத்தது என்று பிரித்துச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் நடந்த தீ விபத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1959 மார்ச் 11 இரவு, ஹாமில்டன் அவென்யூவில் ஒரு கராஜில் வண்டி தீப்பற்றியது. 'கொட்டகையில் இருந்த எல்லாம் சாம்பல், இந்தக் கார் மட்டும் கீறல் இல்லாமல் நின்றது' என்பது கதை. அந்த ஊர்ப் பத்திரிகையான ஃபிரெஸ்னோ பீ அப்போதே எழுதியது நேர் எதிரானது. எரிந்தது இந்தக் காரின் இரண்டு டயர்கள், கருகியது இதன் பெயின்ட். கராஜில் இருந்த மற்றக் கார்களுக்கோ பொருள்களுக்கோ சேதமில்லை, யாருக்கும் காயமில்லை. தீக்குக் காரணம் தெரியவில்லை என்பது மட்டும்தான் மர்மம். ஒரே ஒரு பத்திரிகைச் செய்தியைத் தேடிப் படித்திருந்தால் இத்தனை ஆண்டுகள் தலைகீழாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

பிறகு 1960. ஃபுளோரிடாவில் கண்காட்சி முடிந்து, லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்த பெட்டியின் முத்திரை உடையாமல் இருந்தது, உள்ளே கார் இல்லை என்று பாரிஸ் சொன்னார். நமக்குக் கிடைப்பது அவர் வாய்மொழி. அவர் 2015இல் காலமானார். இந்த இடத்தில் பின்னணி இசையைக் கூட்டுவதைவிட, சரக்குப் போக்குவரத்து எப்படி நடக்கும் என்று பார்வையாளருக்குச் சொல்லுங்கள். ஒரு பெட்டி முத்திரையிடப்பட்டால் அந்த முத்திரைக்கு ஓர் எண் உண்டு. அது சரக்குச் சீட்டில் ஏறும். இறங்கும் இடத்தில் அதே எண்தானா என்று சரிபார்ப்பார்கள். முத்திரை முழுசாக இருக்கிறது என்பதும் அது பழைய முத்திரைதான் என்பதும் ஒன்றல்ல, வழியில் வெட்டிவிட்டுப் புது முத்திரை போட முடியும். சரக்கு காணாமல் போனால் ஏற்றிச் சென்ற நிறுவனம்தான் பொறுப்பு, இழப்பீட்டு மனு எழும், காவல் நிலையத்தில் புகார் பதிவாகும். ஆகவே கேட்க வேண்டியது: சரக்குச் சீட்டு எங்கே, முத்திரை எண் என்ன, புகார் எந்த ஊரில், இழப்பீடு யாருக்கு? இன்னொன்றும் நினைவிருக்கட்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் இல்லாத ஒரு மெல்லிய கூடு அது. நான்கைந்து ஆள்கள் சேர்ந்தால் தூக்கிக்கொண்டு போகலாம்.

2005இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து வோலோ கார் அருங்காட்சியகம், அசலான கூட்டை நிரூபித்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தது. 2015இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒருவர், தனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு கட்டடத்தின் சுவருக்குப் பின்னால் அதை மறைத்ததைப் பார்த்ததாகச் சொன்னார். கூடு வெளியே வரவில்லை. இதுபோன்ற செய்தி இனியும் வரும், 'கார் கிடைத்துவிட்டது' என்று உடனே உங்களுக்குப் பத்துப் பேர் அனுப்புவார்கள். பகிரும் முன் பார்க்க வேண்டியவை இவை.

கிடைத்ததாகச் சொல்லும் வண்டியில் எஞ்சின் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 1956லேயே கழற்றியதை யாரோ திருப்பிப் பொருத்தியிருந்தால் ஒழிய, மூன்று எண்களும் ஒரே வண்டியில் இருக்க வழியில்லை. வண்டியின் மேலுடல் ஃபைபர் என்றால் அது நகல். 550க்கு ஃபைபர் உடலோடு நகல் கார்கள் நிறைய உண்டு, பெரும்பாலும் ஃபோக்ஸ்வேகன் பாகங்களில் கட்டியவை. விரலால் தட்டினால் சத்தத்திலேயே தெரியும். காந்தத்தை நம்பாதீர்கள், அது அலுமினியத்திலும் ஒட்டாது ஃபைபரிலும் ஒட்டாது. சட்டத்தில் 550-0055 என்று இருந்தால் அது மட்டும் போதாது, எண்ணை யார் வேண்டுமானாலும் பன்ச் செய்யலாம். சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்த இடத்தில் அமிலம் தடவிப் பார்த்தால் அழிந்த பழைய எண்ணின் நிழல் எழும்பும், ஏனென்றால் எண் அடித்தபோது அதற்கு அடியில் இருக்கும் உலோகமும் அழுந்தியிருக்கும்.

அதற்கும் மேலான சாட்சி, வளைந்த குழாய்கள். 1955 படங்களில் சட்டம் எங்கே மடிந்தது, தகடு எங்கே கிழிந்தது என்று தெரிகிறது. ஒரு மோதலின் மடிப்பு கைரேகை மாதிரி, மறுபடி அப்படியே செய்ய முடியாது. பாரிஸ் ஒட்டிய தகடுகள் இங்கே நமக்கு உதவிக்கு வருகின்றன. அசல் கூடு என்றால் இரண்டு வகை அலுமினியம் இருக்க வேண்டும், ஜெர்மனியில் தட்டிய பழைய தகடு அடியில், கலிஃபோர்னியாவில் ஒட்டியது மேலே. கையில் பிடிக்கும் எக்ஸ்-ரே கருவியால் உலோகக் கலவையைச் சில நொடிகளில் பிரித்துக் காட்டலாம். எங்காவது ஃபிரெஸ்னோ தீயில் கருகிய பெயின்ட் மிஞ்சியிருக்கவும் வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே தகடு, ஒரே பற்றவைப்பு, கருகிய தடமே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

காணாமல் போகாதவற்றையும் சொல்லுங்கள், அவற்றைக் கேட்டால்தான் ஆச்சரியமாக இருக்கிறது. 90059 எஞ்சின் எஷ்ரிச் குடும்பத்திடம் இருப்பதாக போர்ஷே வரலாற்றாளர் லீ ரஸ்கின் பதிவு செய்திருக்கிறார். 10046 கியர்பாக்ஸ் 2020இல் மாசசூசெட்ஸில் வெளிப்பட்டது. எண்ணைச் சரிபார்த்து, 2021 மே மாதம் ஏலத்தில் 3,82,000 டாலருக்குப் போனது. வாங்கியவர் தொலைக்காட்சிப் பிரபலம் ஜாக் பேகன்ஸ். பயணி பக்கக் கதவு எனச் சொல்லப்படுவதை வோலோ காட்சிக்கு வைத்தது. விபத்துக்குப்பின் சொலேம் கராஜில் யாரோ பெயர்த்த சில அங்குல அலுமினியத் துண்டு இல்லினாயின் இன்னொரு காட்சியகத்தில் இருக்கிறது.

வூதெரிக்கைப் பற்றி ஒரு வரி. விபத்தில் தூக்கி எறியப்பட்டுப் பலத்த காயங்களோடு பிழைத்தார். 1981இல் ஜெர்மனியில் வேறொரு கார் விபத்தில் இறந்தார். இடையில் 26 ஆண்டுகள். அந்த ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிட்டுச் சாபப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்காதீர்கள்.

பழைய காணொளிகளை நீக்கச் சொல்லவில்லை. அவற்றின் விளக்கக் குறிப்பில் நான்கு திருத்தம் போட்டால் போதும்: பெயரை எழுதியவர் ஜெஃப்ரீஸ். வேகத்துக்கு இரண்டு கணிப்புகள் உண்டு. ஃபிரெஸ்னோவில் எரிந்தது இந்தக் கார்தான். 1960இல் தொலைந்ததாகச் சொல்லப்படுவது கூடு மட்டும்.

இப்படிக்கு,
பழைய கார்ப் பதிவுகளைத் துருவும் சிலர்