பந்தயத்தில் தோற்ற கதை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இடது கண்ணில் புரை எடுத்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது பரவாயில்லை.

கடைசி வரியில் "நம் பந்தயம் என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தாய். மறந்திருப்பாய் என்று நினைத்தேன்! சரி, இயற்கை துகள்களுக்குள் ஓரவஞ்சனை செய்கிறது என்று நான் கட்டிய பந்தயத்தில் தோற்றுவிட்டேன். ஒரு கிலோ அல்வா வரும். ஆனால் தோற்ற கதையைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

எலெக்ட்ரான், மியூவான், டௌ என்ற மூன்று துகள்களும் ஒரு தாய் மக்கள், லெப்டான் குடும்பம். எடைதான் வேறு. எலெக்ட்ரானைப்போல மியூவான் 207 மடங்கு, டௌ சுமார் 3,480 மடங்கு. பந்தியில் விசைகள் மூவர் இலையிலும் ஒரே அளவுதான் பரிமாறும் என்று படித்தோமே, வங்கிக்குப் போனபிறகு நினைவிருக்கிறதா? அதில் ஓரவஞ்சனை உண்டா என்று ஜெனீவா பக்கத்துச் செர்ன் ஆய்வகத்தில் பி மீசான் என்ற சீக்கிரம் சிதையும் துகள்களை வைத்துப் பார்த்தார்கள். அது கே மீசான் என்ற இன்னொரு துகளாகவும் இரண்டு மியூவானாகவும் சிதைவது ஏறக்குறைய இருபது லட்சத்தில் ஒரு தடவை. எலெக்ட்ரான் ஜோடி வருவதும் அதே அளவு அபூர்வம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1 வர வேண்டும். 2021 மார்ச்சில் செர்னின் எல்எச்சிபி குழு சொன்ன விடை 0.846. தற்செயலாக அப்படி விழ ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். அன்று ராத்திரியே உனக்குப் போன் போட்டுப் பந்தயம் கட்டினேன். ஐந்து சிக்மா (தற்செயல் இல்லை என்பதற்கான அளவுகோல்) வராமல் வாயைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். இதுவோ வெறும் 3.1.

2022 டிசம்பரில் அதே குழு அதைத் திருத்தியது. கோளாறு எலெக்ட்ரான் பக்கம். மியூவான் இரும்புச் சுவர்களையும் துளைத்துப் போய்க் கடைசி அறையில் கையெழுத்துப் போடும். எலெக்ட்ரான் நோஞ்சான், வழியில் எது பட்டாலும் ஆற்றலை ஒளியாக உதறிவிடும். அதை அடையாளம் காண்பதே பாடு. பையான், கேயான் (அதே கே மீசான்தான்) என்ற வேறு துகள்கள் சில எலெக்ட்ரான் வேஷத்தில் அந்த வரிசையில் உட்கார்ந்துவிட்டன. தலை எண்ணியவர்கள் அவற்றில் பலவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். பகுதி பெருத்தது, விடை இளைத்தது. கடுமையாக வடிகட்டி, மிச்ச வேஷதாரிகளையும் கழித்தபோது வந்தது 0.949, பிழை சுமார் 0.05. அதாவது 1-தான்.

எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் 2014 முதல் உலகமே உச்சுக்கொட்டிய தன் முடிவைத் தானே கவிழ்த்தார்களே, முதுகலை மாணவர்களுக்கு இப்போது அந்தக் கட்டுரையைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

செர்னின் பழைய லெப் துகள் முடுக்கியிலும் இப்படி ஒரு வம்பு இருந்தது. டபிள்யூ என்ற துகள் சிதையும்போது டௌவுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி வைக்கிறது என்றார்கள். 2021-இல் செர்னின் இன்னொரு குழுவான அட்லஸ், மியூவானுக்கு டௌ எத்தனை என்ற விகிதத்தை 0.992 என்று அளந்து அதைத் தீர்த்தது.

ஆனால் அல்வாவை முழுசாகத் தின்றுவிடாதே. பி மீசான் டி ஸ்டார் என்ற இன்னொரு மீசானாகச் சிதையும்போது மற்ற லெப்டானுக்கு டௌ எத்தனை என்ற விகிதம் கோட்பாட்டில் 0.25 அளவு. கலிபோர்னியாவில் பாபர் குழு 2012-இல் அதைவிடக் கூடுதலாகக் கண்டது. அப்புறம் ஜப்பானில் பெல் குழு, செர்னில் எல்எச்சிபி எல்லாரும் அளந்தாயிற்று. சராசரி இன்னும் மேலேதான் நிற்கிறது. டௌ போகும்போது நியூட்ரினோ என்ற கருவிக்குச் சிக்காத துகள்கள் பாதித் தடயத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அதனால் இங்கேயும் வேஷதாரி இருக்கலாம். இருந்தாலும் இங்கே ஓரவஞ்சனை உண்டு என்று அரைக் கிலோவுக்குப் புதுப் பந்தயம். சம்மதமா?

மதினியைக் கேட்டதாகச் சொல். சின்னவனுக்கு வேலை என்ன ஆச்சு, எழுது.

அன்புடன்,
சங்கரன்