அணிலுக்கு எட்டாத பத்தடி

நியூ ஜெர்சி
அக்டோபர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே தோட்டத்துக்கு அணிலும் குருவியும் வருமா என்று கேட்டிருந்தாய். வரும். ஆனால் குருவிக்குத் தீனி வைத்தால் முதலில் அதை அணிலிடமிருந்து காப்பாற்ற வேணும். நம் வீட்டு முருங்கையில் ஓடுகிற அணில்பிள்ளை நூறு கிராம் இருந்தால் அதிகம். இங்கத்திச் சாம்பல் அணில் அரைக்கிலோ. முதுகில் கோடு கிடையாது. நின்ற இடத்திலிருந்து நாலடிக்கு எகிறும், பக்கவாட்டில் எட்டடிக்கு மேலேயே தாவும்.

மரக்கிளையில் தீனிக்கூண்டைக் கட்டினால் அன்றைக்கே காலி. இரும்புக் கம்பம் நட்டு, சுற்றிப் பத்தடிக்கு மரமோ வேலியோ கூரையோ இல்லாமல் பார்க்க வேணும். கம்பத்தில் கவிழ்த்த புனல் போல ஒரு தகரத் தடுப்பு. அதன் உச்சி தரையிலிருந்து ஐந்தடி. மூணடியில் மாட்டிவிட்டு ஏமாறுகிறவர்கள்தான் நிறைய. ஒரே எகிறலில் அணில் தடுப்பைத் தாண்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். சிலர் கம்பத்துக்கு கிரீஸ் தடவுகிறார்கள், அது பாவம். ரோமத்திலும் இறகிலும் ஒட்டிவிட்டால் குளிர் தாங்காது.

விதையில் மிளகாய்த்தூள் கலக்கலாம். அணிலுக்கு உறைக்கும், பறவைக்கு உறைக்காது. அங்கே கிளி மிளகாய்ப்பழம் தின்னுமே, அதே சங்கதிதான். காற்றடித்தால் நம் கண்தான் எரியும்.

கார்டினல் என்று ஒரு பறவை. ஆண் பழுத்த மிளகாய்ச் சிவப்பு, பெண் பழுப்பு. சூரியகாந்தி விதையை நாக்கால் அலகின் ஓரத்துக்குத் தள்ளி ஒரு நறுக்கு. தோல் கீழே உதிரும், பருப்பு உள்ளே போய்விடும். சிக்கடீ என்கிற பொடிக்குருவிக்கு அந்த அலகு இல்லை. ஒரு விதையைக் கிளைக்குக் கொண்டுபோய்க் காலில் மிதித்துக்கொண்டு கொத்தும். மஞ்சள் கோல்டுஃபிஞ்சுக் குருவிக்குப் பேயெள்ளு என்கிற எண்ணெய்வித்து. கிருஷ்ணகிரிப் பக்கம் விளைகிற அதே பேயெள்ளுதான், இந்தியாவிலிருந்தும் இங்கே வருகிறது. களைவிதை முளைக்காமலிருக்கச் சூடுகாட்டித்தான் உள்ளே விடுவார்கள்.

இப்போது ஓக் மரத்துக் கொட்டை விழுகிற காலம். அணில் ஒவ்வொன்றாகத் தனித்தனிக் குழியில் புதைக்கும். வெள்ளை ஓக் கொட்டை விழுந்த கொஞ்ச நாளிலேயே முளைவிடும் ஜாதி. அதனால் புதைக்கும் முன்னாலேயே முளைக்கருவைப் பல்லால் கிள்ளி எறிந்துவிடும். சிவப்பு ஓக் வசந்தத்தில்தான் முளைக்கும், அதை அப்படியே புதைக்கும். நம் ஊரில் விதைநெல் காக்கிறவர்களுக்கு நேர் எதிர் வேலை.

நம் தேன்சிட்டு போல இங்கே ஹம்மிங் பேர்டு உண்டு, மூணு கிராம்தான். செப்டம்பரிலேயே தெற்கே போய்விட்டது. அதற்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர். வெல்லமோ தேனோ சாயமோ கூடாது. வெயில் நாளில் இரண்டு நாளுக்கொருமுறை மாற்ற வேணும், இல்லாவிட்டால் புளித்துவிடும்.

கூண்டை இரண்டு வாரத்துக்கு ஒருதரம் கழுவாவிட்டால் ஒரு குருவியின் கண்நோய் மற்றதுக்கும் ஒட்டும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அப்புறம் நன்றாக அலசிக் காயவைக்க வேணும்.

அங்கே ஐப்பசி மழை ஆரம்பிக்கப் போகிறது. குருவிக்குப் போடுகிற கம்புத் தானியம் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு பிடிக்கு மேல் போடாதே. நெற்கதிர்க் குஞ்சத்தைத் தாழ்வார உத்தரத்தில் சாரல் படாத பக்கமாகக் கட்டு. தண்ணீர்த் தட்டில் இரண்டு அங்குலம் போதும், நடுவில் ஒரு கூழாங்கல் போடு. அப்பாவிடம் சொல்லி முருங்கைக் கிளையைக் கழிக்காமல் விடச்சொல்.

அன்புடன்,
உன் மகள்