சாந்திக்கு ஒரு சுண்டுவிரல் கதை

சாந்தி,

உன் மெசேஜ் வந்து நாலு நாள் ஆச்சு, போன்ல ரெண்டு வரி தட்டி முடிக்கற விஷயம் இல்லன்னு விட்டுட்டேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, வெளிய காலையில இருந்து மழை, இவரு கம்பளிக்குள்ள போனவரு இன்னும் எந்திரிக்கல, அதனால உக்காந்து எழுதறேன். "45 வயசுல எலக்ட்ரிக் கிடாரா, உனக்கு என்னடி ஆச்சு"ன்னு கேட்டிருந்த. ஒண்ணும் ஆகல. எம்பையன் பிரவீன் காலேஜ் சேர கீழ போனப்ப ஹாஸ்டல்ல வைக்க இடம் இல்லன்னு கிடாரையும், அதோட சத்தத்த பெருசாக்கற அந்தச் சின்ன ஆம்பையும் விட்டுட்டுப் போயிட்டான். அந்த ரூம கூட்டறப்பல்லாம் மூலையில நின்னு என்னையே பாத்துட்டு இருந்துச்சு, ஒரு நாள் எடுத்து மடியில வெச்சேன், அவ்ளோதான்.

இங்க குன்னூர்ல எல்லாம் எப்பவும் போலதான். பச்சைத் தேயிலை விலைய மட்டும் கேக்காத, சொன்னா கடுதாசி முழுக்க அதுவே ஆயிடும். காட்டெருமை இப்ப வாசல் வரைக்கும் வருது, போன வாரம் நான் சாயந்தரம் ஆம்ப போட்டு அடிச்சுட்டு இருக்கேன், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பீன்ஸ் கொடிய மேஞ்சுட்டு நிக்குது, இந்தச் சத்தத்துக்கெல்லாம் அது காதக்கூட ஆட்டல. பக்கத்து வீட்டு அக்காதான் பயந்துட்டாங்க, காட்டெருமைக்கு இல்ல, எனக்கு.

இப்ப நான் மாட்டிக்கிட்டு இருக்கறது பாம் மியூட்டிங்னு ஒண்ணுல. கேட்டா ரொம்பச் சின்ன விஷயம். வலது உள்ளங்கையோட ஓரம் இருக்கில்ல, எழுதும்போது பேப்பர்ல உராயற பக்கம், அத பிரிட்ஜ் மேல, அதாவது கம்பியெல்லாம் உக்கார்ற இரும்புத் தகடு மேல வெச்சு, கம்பி ஆரம்பிக்கற இடத்த லேசா தொட்டும் தொடாமயும் பிக்குன்னு ஒரு சின்னத் துண்டால அடிக்கணும். "டங்ங்"னு நீளமா பாடற கம்பி "ஜுக்"னு அடங்கி வரணும், ஆனா என்ன ஸ்வரம்னு காதுக்குத் தெரியணும். கை ஒரு நூல் முன்னால நகந்துட்டா கதவத் தட்டற மாதிரி "டொக்", சுருதியே கிடையாது. ஒரு நூல் பின்னால போச்சுன்னா கை சும்மா இரும்பு மேல உக்காந்திருக்கு, கம்பி பாட்டுக்கு ஊளையிடுது. பிரிட்ஜ் பக்கத்துல கம்பி அதிகம் ஆடாது பாரு, அதனால அங்க சதை பட்டா கூர்மையான சத்தமெல்லாம் மொதல்ல அடங்கிடும், அடி சத்தம் கொஞ்ச நேரம் நிக்கும், அதுதான் அந்த "ஜுக்"குக்கு கனம் குடுக்கறது.

நம்ம ரெண்டு பேருக்கும் இது எவ்ளோ பெரிய பாவம்னு யோசிச்சுப் பாரு. மீட்டின நாதம் பாதியில செத்தா வீணை டீச்சர் தொடையில கிள்ளுவாங்களே, ஞாபகம் இருக்கா, ஊட்டியில அந்த மாடி ரூம்ல பாய் போட்டு உக்காந்து, குளுருக்கு விரல் விறைச்சுப் போயி, கம்பி விரல அறுத்து. நாதத்த கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போறதுதான் வித்தைன்னு வளந்த கை இது, இப்ப அதே கைகிட்ட பிறந்த உடனே அமுக்குன்னு சொன்னா கேக்குமா.

ஆனா மொதல் வாரம் சூப்பரா வந்துச்சுடி. ஒவ்வொரு நோட்டும் கல்லு மாதிரி. பிரவீனுக்கு ரெக்கார்ட் பண்ணி அனுப்பினேன், "அம்மா எனக்கே இதுக்கு ஒரு மாசம் ஆச்சு"ன்னான், நான் ரெண்டு நாள் தரையில நடக்கல. மூணாவது நாள் மத்தியானம் நல்ல வெயில், ஸ்வெட்டர கழட்டிட்டு உக்காந்து அடிச்சா எல்லாக் கம்பியும் திறந்துகிட்டு கத்துது. கைய மாத்தி மாத்தி வெச்சேன், ஆம்ப அணைச்சு போட்டேன், ஒண்ணும் ஆகல. அப்பறம்தான் புரிஞ்சுச்சு, குளுருக்கு ஸ்வெட்டர் கைய விரல் முட்டி வரைக்கும் இழுத்து விட்டுக்கறோமில்ல, அந்தக் கம்பளி ஓரம்தான் ஒரு வாரமா கம்பி மேல படுத்துட்டு இருந்திருக்கு. மியூட் பண்ணது நான் இல்ல, ஸ்வெட்டரு. பிரவீன்கிட்ட இத இன்னும் சொல்லல, நீயும் சொல்லாத.

சரி, ஸ்வெட்டர் இல்லாம மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இப்பதான் உனக்கு மட்டும் புரியற விஷயம் வருது. தாளம் தட்டற மெட்ரோனோம நிமிஷத்துக்கு 60 தட்டுல வெச்சு, ஒரு தட்டுக்கு ரெண்டு அடி, எல்லாமே மேல இருந்து கீழ, ஆறாவது கம்பி மட்டும். ஒழுங்கா போயிட்டே இருக்கும், சரியா தாளம் சுத்தி வந்து ஆரம்பிக்கற ஒவ்வொரு எடத்துலயும் ஒரு நோட்டு "டங்ங்"னு எகிறும். நாலு நாள் மண்டைய ஒடைச்சுக்கிட்டு, கடைசியில கண்ணாடி முன்னால உக்காந்து கையப் பாத்தா, என் சுண்டுவிரல் எந்திரிக்குது! வீணையில பக்கவாட்டுல இருக்கற தாளக் கம்பியத் தட்டறதுக்கு! 20 வருஷமா வீணைய தொடல, ஆனா தாளம் விழற இடத்துல சுண்டுவிரல் தன்னால போயி இல்லாத கம்பிய தட்டிட்டு வருது, அது எந்திரிக்கும்போது உள்ளங்கை ஓரமும் கூடவே எந்திரிச்சுடுது, கம்பி திறந்துக்குது. எனக்கு சிரிப்பா அழுகையான்னு தெரியல. மோதிர விரலோட சேத்து ரப்பர் பேண்ட் போட்டு கட்டிட்டு ரெண்டு வாரம் அடிச்சேன்.

தாளக் கம்பின்னதும் இன்னொண்ணு. இவங்க பவர் கார்டு பவர் கார்டுன்னு பெருசா சொல்றது என்னன்னு நெனைக்கற, ச, ப, மேல் ச, அவ்ளோதான். காந்தாரமே கிடையாது, அதனால மேஜரா மைனரான்னு அதுகிட்ட கேக்கவே முடியாது. இவ்ளோ டிஸ்டார்ஷன், அதான் கரகரப்பு, போட்ட சத்தத்துல காந்தாரம் சேந்தா கலங்கின கொளம் மாதிரி ஆயிடும், ச-ப மட்டும்னா சுத்தமா நிக்கும். நம்ம தாளக் கம்பி மூணும் அதேதானடி! சின்ன வயசுல இருந்து நாம சுண்டுவிரல்ல ஹெவி மெட்டல் வாசிச்சுட்டு இருந்திருக்கோம், யாரும் சொல்லல.

நடுவுல ஒரு கஷ்டம் வந்துச்சு, பாதி என் தப்பு, பாதி கிடாரோடது. அடக்கணும்னு நெனைச்சு கைய அழுத்தறேன், சுருதி ஏறுது. ஒவ்வொரு "ஜுக்"கும் கால் ஸ்வரம் மேல. இந்தக் கிடார்ல பிரிட்ஜ் ஸ்பிரிங்ல மெதந்துட்டு நிக்கும், கை கனம் பட்டா பின்பக்கம் இறங்கி கம்பிய இழுத்துடும். பிரவீன் போன்லயே வழி சொன்னான், பின்னால தகட்ட கழட்டிட்டு ஸ்பிரிங் குழியில இரும்புக் கட்டைய ஒட்டி மரத்துண்டு செருகணும்னு. இவரு தோட்டத்துல வெட்டிப் போட்ட சில்வர் ஓக் கிளைய சீவி சீவி கச்சிதமா ஒரு ஆப்பு செஞ்சு குடுத்தாரு. அதுல இருந்து பிரிட்ஜ் அசையல. ஆனா அழுத்தறதே தப்புதான், கை சும்மா கெடக்கணும், தூங்கற கொழந்த மேல வெக்கற கை மாதிரி, அடிக்கறது மணிக்கட்டு வேலை.

அப்பறம் கெயின், ஆம்புல கரகரப்ப கூட்டற திருகு. புதுசா வர்றவங்க எல்லாரும் முழுசா திருப்புவாங்களாம், நானும் திருப்பினேன். கெயின் ஏற ஏற தொடாத கம்பியோட முனகல்கூட பெருசாகி எல்லாம் ஒரே கூழு. பாதிக்கு இறக்கினேன், கம்பி அதிர்வ வாங்கற பிக்கப்புல பிரிட்ஜ் பக்கத்துல இருக்கறதுக்கு மாத்தினேன், அப்பதான் அடிக்கும் அடிக்கும் நடுவுல இருக்கற வெத்து எடம் கேட்டுச்சு. எனக்கு இதுல பிடிச்சதே அந்த வெத்து எடம்தான், "ஜுக்"க விட.

இவரு கேட்டுட்டு "நம்ம ரயிலு மாதிரி இருக்கு"ன்னாரு, கல்லாறுல இருந்து பல்சக்கரத்த கடிச்சுக்கிட்டு ஏறி வருமே அது. கேக்க சந்தோஷம்தான், ஆனா ரயிலு ஏத்தத்துல மூச்சு வாங்கி வேகம் மாறும், எனக்கு மாறக்கூடாது. இப்ப 96ல நிக்கறேன். அதுக்கு மேல போனா முழங்கை வரைக்கும் கல்லாயிடுது. பிரவீனோட சாமி மெட்டாலிகா பேண்டுல கிடார் வாசிக்கற ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு, அவரு 200க்கு மேல போற பாட்டுலகூட பெரும்பாலும் கீழ்நோக்கியே அடிப்பாரு, அது மனுசக் கையான்னு எனக்கு சந்தேகம்.

உன் முட்டி வலி எப்பிடி இருக்கு, டாக்டர் என்ன சொன்னாரு, அதப் பத்தி ஒரு வரிகூட எழுதல நீ. மே மாசம் திருச்சி வெயில்ல வேகாம இங்க வந்துடு, வரும்போது உன் வீணைய எடுத்துட்டு வா, என்னோடது குடம் விரிஞ்சு கெடக்கு. இவரு தங்கச்சி பையன் அடுத்த வாரம் அந்தப் பக்கம் வர்றான், வர்க்கி குடுத்து விடறேன், நமுத்துப் போறதுக்குள்ள சாப்பிடு.

ரெக்கார்டிங் வாட்ஸ்அப்ல தனியா அனுப்பறேன், 40 செகண்டுதான். ரப்பர் பேண்ட் இல்லாம அடிச்சது. 12வது செகண்ட்ல ஒரு நோட்டு எகிறும், 31லயும் ஒண்ணு. வேற யார் கேட்டாலும் தப்புன்னு நெனைப்பாங்க, உனக்கு அது எந்த விரல்னு தெரியும்.

உன்
கலா