குடிநீர்த் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மணல் வடிகட்டி, மேல்நிலைத் தொட்டி, பகிர்மானக் குழாய் என எடுத்துக்கொண்ட மூன்று வேலைகளும் முடிந்துவிட்டன. வரவு செலவுக் கணக்கைத் தனியாகத் தருகிறோம். பணி நடந்தபோது பலரும் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வடிகட்டியைக் கட்டி முடித்த பிறகும் ஏன் வாரக்கணக்கில் தண்ணீரை வாய்க்காலில் விட்டோம்? இப்போது தொட்டி நிறைந்த பிறகும் வால்வைத் திறக்க ஏன் அரை மணி நேரம் காக்க வைக்கிறோம்?

முதலில் வடிகட்டி. அடியில் சரளை, அதன்மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு நைஸ் மணல். இதில் தண்ணீர் மணிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர்தான் இறங்கும். மணலை வெறும் சல்லடை என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் ஓட ஓட, மேல்மணலில் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து வழவழப்பான ஒரு படலம் படிகிறது. நோய்க்கிருமிகளைப் பிடித்து அழிப்பதில் பெரும்பங்கு அந்தப் படலத்துக்குத்தான். புது மணலில் அது இருக்காது. அது வளரும்வரை தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் நம்ப முடியாது என்பதால்தான் வாய்க்காலில் விட்டோம். பார்க்க வந்த சிலர், அழுக்கு படிந்திருக்கிறது, சுரண்டி எடுங்கள் என்றார்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் நாங்கள் காத்திருந்ததே அந்த அழுக்குக்காக!

மணலுக்கு இவ்வளவு சக்தியா என்று கேட்பவர்களுக்கு 1892-ல் ஜெர்மனியில் நடந்ததைச் சொல்லலாம். ஹாம்பர்க், அல்டோனா இரண்டும் ஒட்டியிருந்த நகரங்கள்; இரண்டுக்கும் எல்பே ஆற்றுத் தண்ணீர்தான். ஹாம்பர்க் வடிகட்டாமல் விநியோகித்தது, காலராவில் 8,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அல்டோனா எடுத்ததோ ஹாம்பர்க்கைத் தாண்டி, அதன் கழிவு கலந்து வந்த ஆற்றுநீர்தான், ஆனால் மணலில் வடிகட்டியது. அங்கே காலரா பரவவில்லை என்றே சொல்லலாம்.

அப்படியானால் குளோரின் எதற்கு? வடிகட்டியைத் தாண்டிய பிறகு தொட்டியிலும் குழாயிலும் தண்ணீருக்குக் காவல் வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் 10,000 லிட்டருக்கு 20 கிராம் குளோரின் தேவை. பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால் 60 கிராம் பவுடர் போட வேண்டும். அதுவும் புதுப் பவுடராக இருந்தால்தான். மூட்டையைத் திறந்து வைத்தால், ஈரம் பட்டால் வீரியம் போய்விடும். ஆகவே மூட்டையில் வைக்காமல், இறுக மூடும் டப்பாக்களில் வைக்கிறோம்.

குளோரின் கலந்ததும் கிருமி செத்துவிடாது. குறைந்தது 30 நிமிடம் தேவை. அதற்குப் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். காலையில் காத்திருக்க வைப்பது இதற்காகத்தான். குடத்தோடு நிற்பவர்களுக்கு அது சிரமம் என்று தெரியும். ஆனாலும் அந்த அரை மணியைக் குறைக்க மாட்டோம். கடைக்கோடிக் குழாயில் தினமும் சிறு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து மாத்திரை போட்டுப் பார்க்கிறோம். இளஞ்சிவப்பு நிறம் வந்தால் குளோரின் அங்கேயும் இருக்கிறது. நிறமே வராவிட்டால் வழியில் ஏதோ அதைத் தின்கிறது.

அது எப்படி நடக்கும் என்பதைப் பழைய குழாயைத் தோண்டியபோது நேரில் பார்த்தோம். சாக்கடைக்கு நேர் கீழே ஒரு இணைப்பு. யாரோ எப்போதோ ரப்பர் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், அது மட்கிப்போயிருந்தது. தண்ணீர் வரும் நேரத்தில் அங்கே நல்ல தண்ணீர் வெளியே கசியும். வால்வை மூடிக் குழாய் காலியானதும், சுற்றியிருக்கும் சாக்கடை நீர் உள்ளே இறங்கும். மறுநாள் முதலில் திறக்கும் வீட்டுக்கு அதுதான் போய்ச் சேரும். மேலே எவ்வளவு சுத்திகரித்து என்ன பயன்? சரி, அந்த இணைப்பு இப்போது இல்லை. குழாயைச் சாக்கடையிலிருந்து தள்ளிப் பதித்திருக்கிறோம். வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்ச வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பதற்கும் இதுவே காரணம். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, சின்ன விரிசலும் வெளிநீரை இழுத்துக்கொள்ளும்.

அப்புறம், பராமரிப்பு. படலம் தடித்து நீர் இறங்குவது மந்தமானால் மேல்மணலை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் வழித்தெடுப்போம். வடிகட்டியை இரண்டு படுகையாகக் கட்டியதே இதற்காகத்தான். வழித்த படுகை மறுபடி தயாராகும்வரை மற்றொன்று மட்டும் ஓடும், விநியோக நேரம் குறையும். தேதியை முன்கூட்டியே எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடுவோம். ஒரு நாளைக்கு வேண்டியதை மூடி போட்ட பாத்திரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்