நூற்புழு தாக்கிய கொய்யாப் பதியன்களை விற்றது தொடர்பான புகார்

அனுப்புநர்:
கொய்யா விவசாயி,
ஆயக்குடி அருகில், பழனி வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
நாற்றுப்பண்ணை விற்பனைப் பிரிவு.

ஐயா,

சென்ற ஆடியில் உங்கள் பண்ணையில் லக்னோ 49 ரகக் கொய்யாப் பதியன் 310 வாங்கினேன். கன்று 60 ரூபாய் வீதம் 18,600 ரூபாய் கட்டிய ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். 'நோயற்ற பதியன்' என்று அந்த ரசீதிலேயே அச்சடித்திருக்கிறீர்கள்.

12 அடிக்கு 12 அடி இடைவெளியில் ஒரு ஏக்கரில் 300 கன்றுகளை நட்டேன். ஒன்றரை அடிக் குழி, தொழு உரம், சொட்டுநீர் எல்லாம் முறைப்படிதான். கார்த்திகை வரை நன்றாகத் துளிர்த்தன. தை பிறந்ததும் இலைகள் செம்பு நிறமாகி, ஓரம் கருகி, உதிரத் தொடங்கின. மண்ணில் ஈரம் இருக்கும்போதே மதியத்தில் செடி துவண்டு நின்றது. சத்துக் குறைவு என்று உங்கள் ஆள் போனில் சொன்னதை நம்பி நுண்ணூட்டம் தெளித்தேன், பயனில்லை. ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தால், சல்லிவேர் முழுக்கப் பாசிமணி கோத்தது போல முடிச்சுகள்.

வேரையும் மண்ணையும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறையில் கொடுத்துப் பரிசோதித்தேன். வேருக்குள் புகுந்து முடிச்சு உண்டாக்கும், கண்ணுக்குத் தெரியாத மண்புழுவினம் அல்லாத நுண்ணிய புழுவான மெலாய்டோகைன் என்டெரோலோபி என்ற வேர்முடிச்சு நூற்புழு என்று அறிக்கை வந்திருக்கிறது. இது இந்தியாவில் இருப்பதே 2016-ல் தமிழ்நாட்டுக் கொய்யாவில்தான் முதலில் பதிவானது. கொய்யாக் கன்று விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை.

அறிக்கையைக் காட்டியதும், "உங்க மண்ணுல ஏற்கெனவே இருந்திருக்கும்" என்று முடித்துவிட்டீர்கள். சரி, அப்படியானால் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். பட்டுப்போகும் கன்றுக்குப் பதிலாக நட மிச்சம் வைத்த 10 பதியன்கள் உங்கள் பையிலேயே, வீட்டுச் சிமெண்டுத் தளத்தில்தான் இருந்தன. என் நிலத்து மண் அவற்றில் ஒரு பிடிகூடப் படவில்லை. அவற்றில் நான்கைப் பிரித்தேன், நான்கிலும் அதே முடிச்சு. பை கிழிக்கும்போது எடுத்த படங்கள் இணைப்பில் உள்ளன. மீதி ஆறு பைகளையும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், உங்கள் ஆள் வந்து தன் கையாலேயே கிழித்துப் பார்க்கட்டும்.

கன்று எடுக்க வந்தபோது உங்கள் மண்கலவை வெறுந்தரையில் குவிந்து கிடந்ததையும், அதை ஒட்டியே தக்காளி நாற்று வளர்ந்ததையும் பார்த்தேன். இந்தப் புழுவுக்குத் தக்காளியும் பிடித்த பயிர். கோடையில் மண்கலவையை நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் போர்த்தி வெயிலில் வைத்திருந்தாலே பெரும்பகுதி செத்திருக்கும். அதிகச் செலவு பிடிக்கிற வேலை இல்லை அது.

இது கன்று விலையோடு போகிற நஷ்டமும் இல்லை. முடிச்சு விழுந்த வேர் வழியாக வாடல் பூஞ்சாணமும் ஏறிக்கொள்ளும். மண்ணுக்குள் வந்துவிட்ட புழுவை முழுசாக ஒழிக்க வழி கிடையாது. வேப்பம்புண்ணாக்கு, புழுவைத் தாக்கும் உயிர்ப் பூஞ்சாணம், ஊடுபயிராகச் செண்டுமல்லி என்று வருஷா வருஷம் கட்டுப்படுத்தத்தான் முடியும். ஊடுபயிராகத் தக்காளி, கத்தரி, மிளகாய் போடலாம் என்றிருந்தேன், அந்த வருமானமும் போயிற்று.

கன்று விலை 18,600, வண்டி வாடகை 2,500, குழி வெட்டிய கூலி 12,000, ஆக 33,100 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். 'வேறு கன்று தருகிறோம்' என்கிறீர்கள். அதே மண்கலவையில் வளர்ந்த கன்று எனக்கு வேண்டாம். அப்புறம், அந்த ஆடியில் என்னோடு பல பேர் வண்டி பிடித்து ஏற்றிப் போனார்கள். விற்பனைப் பதிவேடு உங்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் தக்காளியோ கத்தரியோ ஊடுபயிராகப் போடுவதற்கு முன் நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
கொய்யா விவசாயி

இணைப்பு: ரசீது நகல், ஆய்வறிக்கை நகல், வேர்ப் படங்கள், வண்டி வாடகைச் சீட்டு