மகனின் கண் நோய்க்குப் பெயர் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

மகனின் மரபணுப் பரிசோதனை முடிவு கைக்கு வந்துவிட்டது. சிஏசிஎன்ஏ1எஃப் என்ற மரபணுவில் மாற்றம். பிறவியிலேயே வருவது, வயது ஏறினாலும் பெரும்பாலும் அப்படியே நிற்கும் மாலைக்கண் வகை. முன்பு ஓரிடத்தில் ஆர்.பி. (விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும் நோய்) என்று சொல்லி, போகப் போகப் பார்வை முழுதாகப் போய்விடும் என்று அனுப்பியிருந்தார்கள். அதற்கப்புறம் நாங்கள் தூங்கிய தூக்கம் தூக்கமே இல்லை.

"ஆர்.பி. மாதிரி தெரியலையேம்மா, ஈஆர்ஜி எடுத்துப் பார்ப்போம்" என்ற டாக்டருக்கு முதல் நன்றி. வெளிச்சத்துக்கு விழித்திரை தரும் மின்துடிப்பை அளக்கிற அந்தச் சோதனைக்கு முன்னால் 20 நிமிடமாவது கும்மிருட்டில் உட்கார வேண்டும். இருட்டென்றாலே அலறுகிற பிள்ளை. பரிசோதனை அறையில் இருந்த அந்தத் தங்கை, மங்கலான சிவப்பு விளக்கில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு யானைக் கதை சொல்லியே கண்ணில் மின்வாயை வைத்துவிட்டார். ஒளியை வாங்கும் செல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, வாங்கியதை அடுத்த செல்லுக்குக் கடத்தும் இடத்தில்தான் தடை என்று அந்த வரைபடம் காட்டியது.

மரபணு ஆலோசகர் அதைப் பொறுமையாக விளக்கினார். இருட்டில் அந்தச் செல்களுக்குள் கால்சியம் ஓயாமல் நுழையும். அதனால் குளுட்டமேட் என்ற, சேதி கடத்தும் வேதிப்பொருள் சுரந்துகொண்டே இருக்கும். வெளிச்சம் பட்டால் சுரப்பு குறையும். அந்த ஏற்ற இறக்கம்தான் அடுத்த செல்லுக்குப் போகும் சேதி. கால்சியம் நுழையும் வாசலே பழுதானால் சேதி சரியாகப் போகாது. கண் ஆடுவது, கிட்டப்பார்வை, வெயிலில் கூசுவது எல்லாம் இதனோடு சேர்ந்து வருபவைதானாம். "முருங்கைக்கீரை கொடுக்காததால் வந்ததில்லை" என்று என் மாமியாரிடமே அவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவருக்குக் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன்.

முகம் தெரியாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1998இல் கனடாவிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தன. கனடா ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்களில் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் பல. அவர்கள் கொடுத்திராவிட்டால் எங்கள் அறிக்கையில் எழுத ஒரு பெயர் இருந்திருக்காது.

அப்புறம் என் அண்ணன். அவருக்கும் சின்ன வயதிலிருந்தே கண் ஆடும். பொழுது சாய்ந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் வீடு வருவார். பயந்தாங்கொள்ளி என்று ஊரே கேலி செய்தது. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் தாய்மாமனின் ரத்தமும் வேண்டும் என்றதும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். அவருக்கும் அதே மாற்றம்தான். அவருடைய மகன்களுக்கு அவரிடமிருந்து இது வராது. மகள் மட்டும் என்னைப் போலவே சுமப்பாள். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, "நல்லவேளை, அவளுக்கு முன்னாடியே விவரமா சொல்லிடலாம்" என்றார்.

முதல் பெஞ்சில் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் படாத இடம் பார்த்து உட்கார வைத்து, வினாத்தாளைப் பெரிய எழுத்தில் எடுத்துத் தருகிற வகுப்பு டீச்சருக்கும் எங்கள் நன்றி. அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தால் இப்போது யாரும் திட்டுவதில்லை.

இதற்கு மருந்து இன்னும் இல்லை. வரும்போது பரிசோதனைக்கு ரத்தம் கேட்டால், நாங்கள் மூன்று பேரும் தருவோம்.

அன்புடன்,
ஓர் அம்மா